கதிர உரிச்சு ஒரு உதறு உதறிப் பாத்துட்டுத்தான் அருவாள எடுக்கணும்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா காட்டுக்குள்ள நின்னு ஒரு மக்காச்சோளக் கதிர ஒடிச்சு, முடி அறுந்துடாம தோகைய பூரா மெதுவா உரிச்சுட்டு, தலைகீழாப் புடிச்சு உதறிக்கிட்டிருந்தாரு. அதப் பாத்ததும் 2016 வறட்சி அப்படியே கண்ணுக்கு முன்னாடி வந்து நின்னுடுச்சு, அத இன்னிக்காவது எழுதிடணும்னு உக்காந்திருக்கேன்.

எங்களுக்கு பெரம்பலூர் மாவட்டம், குன்னம் பக்கம். கரிசக்காடு, மானாவாரி. புரட்டாசி மழைக்கு வெதச்சா தை வாக்குல கதிர் ஒடிக்கலாம், மணி பெரும்பாலும் நாமக்கல் பக்கம் கோழித்தீவனத்துக்குப் போயிடும், தட்டை மாட்டுக்கு ஆகும். நல்ல வருஷத்துல எங்க காட்டுல ஏக்கருக்கு 20 குவிண்டால் வரைக்கும் கண்டிருக்கோம். அந்த வருஷம் ஒரே ஒரு மழைய நம்பி நாலு ஏக்கர் வெதச்சோம், அதுக்கப்புறம் ஐப்பசி பூரா வானம் வெளுத்துக் கெடந்துச்சு, ஐப்பசியில அடைமழைன்னு சொல்லிப் பழகுன வாய் எல்லாருக்கும் அடைச்சுப் போச்சு. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய மழையில 62 சதவீதம் கொறஞ்சுபோன வருஷம் அது.

மக்காச்சோளம் சின்னப்பயிரா இருக்கறப்ப கொஞ்சம் காஞ்சாலும் தாங்கிக்கும். மத்தியானம் எல சுருட்டிக்கிட்டு வெங்காயத்தாள் மாதிரி நிக்கும், சாயங்காலம் விரிஞ்சுடும், அதுவரைக்கும் பயம் இல்ல. காலையில ஏழு மணிக்கே சுருட்டிக்கிட்டு நின்னா அப்பதான் வயித்துல புளியக் கரைக்கும். எங்களுக்கு அது சரியா பூ எடுக்கற நேரத்துல வந்துச்சு. உச்சியில இருக்க ஆண்பூ நேரத்துக்கு வந்து தூளக் கொட்டிடுச்சு, ஆனா கதிர்லேர்ந்து வர்ற பட்டுநூல் மாதிரி முடி இருக்கே, அது நீள்றதுக்குத் தண்ணி வேணும், தண்ணி இல்லாததால பல நாள் கழிச்சுதான் வெளிய எட்டிப் பாத்துச்சு. அதுக்குள்ள தூள் தீந்துபோச்சு. ஒரு முடிக்கு ஒரு மணிதான் கணக்கு, தூள் விழாத முடிக்குக் கீழ மணி கெடையாது, அதுக்கப்புறம் எவ்வளவு மழை பேஞ்சாலும் வராது. வெளியிலேர்ந்து பாத்தா பயிர் பச்சையா, கதிரோட, நல்லாத்தான் இருக்கும், அதுதான் மனச ஏமாத்துறது.

அதுக்குத்தான் இந்த உதறல். மணி பிடிச்ச முடி உதறுன உடனே கொட்டிடும், பிடிக்காதது கதிர்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்பா ஒவ்வொரு பாத்தியிலயும் உள்ள போய் பத்துப் பதினஞ்சு கதிர் உதறுனாரு. மேட்டுப் பக்கம் ரெண்டு ஏக்கர்ல ஒரு கைப்பிடி முடிகூட கொட்டல, அப்படியே தாடி மாதிரி தொங்குச்சு. பள்ளத்துப் பக்கம் ஓடை ஓரமா இருந்த ரெண்டு ஏக்கர்ல பாதிக்குப் பாதி கொட்டுச்சு. அப்பா ஒண்ணும் பேசாம மேட்டுக்காட்டு மணியில்லாத கதிர் ஒண்ண இடுப்புல சொருகிக்கிட்டு வீட்டுக்கு வந்து அப்பாயிகிட்ட குடுத்தாரு. அப்பாயி அதத் தடவிப் பாத்துட்டு, "மாட்டையாவது காப்பாத்துடா"ன்னு மட்டும் சொல்லுச்சு.

இங்கதான் வெளிய இருக்கவங்களுக்குப் புரியாத விஷயம் இருக்கு. காஞ்ச பயிர என்ன பண்றதுன்னு முடிவெடுக்க நமக்கு நாள் கெடையாது. பச்சையா இருக்கறப்ப அறுத்தா நல்ல தீவனம், பத்து நாள் தள்ளுனா எல சருகாகி நொறுங்கிடும், மணியும் இல்ல தட்டையும் இல்ல. அந்த வருஷம் டெல்டாவுல சம்பாவும் போச்சு, அதனால வைக்கோலும் வெல கேக்க முடியல. இன்னொரு பக்கம், பயிர அறுத்துட்டா நிவாரணத்துக்கு கணக்கெடுக்க வர்றவங்க எதப் பாத்து எழுதுவாங்க, காப்பீடு கட்டுன காசு என்ன ஆகும்னு ஊரே பயந்துச்சு. அது போக நவம்பர் 8 ராத்திரி பழைய நோட்டு செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, அறுப்புக்கு ஆள் கூப்புட கையில நூறு ரூபா நோட்டு இல்ல.

பெரியப்பா அறுக்க மாட்டேன்னுட்டாரு. கார்த்திகையில ஒரு புயலாவது வரும்டா, பொறுன்னாரு. டிசம்பர் 12ல வர்தா வந்துச்சு, ஆனா அது சென்னைப் பக்கம் போயிடுச்சு, எங்களுக்குக் காத்துதான். அவரு நம்புனத நான் தப்புன்னு சொல்லமாட்டேன், ஏக்கருக்கு 12,000 ரூபாக்கு மேல போட்டுட்டு, நகைய பேங்க்ல வச்சுட்டு நிக்கறவரு எப்படி ஒரே நாள்ல பயிர மாட்டுக்குப் போடுன்னு மனச ஆத்திப்பாரு சொல்லுங்க.

அப்பா மேட்டு ரெண்டு ஏக்கர மட்டும் அறுக்கறதுன்னு முடிவு பண்ணாரு. நானும் அம்மாவும் சித்தப்பாவும் சேந்து நாங்களே அறுத்தோம். ஒரு அடி அளவுக்கு அடித்தட்டைய விட்டுட்டுத்தான் அறுக்கணும், இது ரொம்ப முக்கியம். வறட்சியில மண்ணுல இருக்க உரத்த பயிர் உறிஞ்சிடும், ஆனா அத வளர்ச்சிக்கு மாத்த முடியாம நைட்ரேட்டா அடித்தண்டுல தேக்கி வச்சிடும், மாடு அத வயிறு நெறைய தின்னா மூச்சு வாங்கி விழுந்துடும். காஞ்சு கெடந்து திடீர்னு ஒரு மழை பேஞ்சாலும் உடனே அறுக்கக் கூடாது, ஒரு வாரமாவது விடணும். பக்கத்துத் தெருவுல ஒரு செனப்பசு இப்படிப் போனத நான் நேர்ல பாத்தேன், டாக்டர் வந்து ஊசி போட்டப்ப ரத்தம் காப்பித்தூள் நெறத்துல இருந்துச்சு. அந்த வீட்டம்மா அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. இத எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல, தெரியாதவங்களுக்கு தயவுசெஞ்சு சொல்லுங்க.

பள்ளத்து ரெண்டு ஏக்கர விட்டு வச்சோம். காஞ்ச தட்டை அடியில அழுகி சாயத் தொடங்குச்சு, அதனால முழுசா காயறதுக்கு முன்னாடியே ஒடிச்சு களத்துல போட்டு உலத்தி எடுத்தோம். ஏக்கருக்கு 4 குவிண்டால். அரசு வெல அப்ப குவிண்டாலுக்கு 1,365 ரூபா, அந்த வெலைக்கே போட்டாலும் 5,460 ரூபாதான், இதுல மிஷின் வாடகை போகணும். வியாபாரி மணி சுருங்கிக் கெடக்குன்னு சொல்லி அதுலயும் கொறச்சாரு.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கறப்ப, 2017 ஜனவரி 10ல தமிழ்நாடு பூராவும் வறட்சின்னு அப்ப முதலமைச்சரா இருந்த ஓ.பன்னீர்செல்வம் அறிவிச்சாரு, மானாவாரிக்கு ஏக்கருக்கு 3,000 ரூபா நிவாரணம். ரெண்டு மாசம் முன்னாடி, முடி கொட்டாம நின்னப்பவே யாராவது வந்து பாத்திருந்தா, அறுக்கறவங்க தைரியமா அறுத்திருப்பாங்க, பெரியப்பா காடும் சருகாகியிருக்காது. பயிர தீவனத்துக்கு அறுத்தாலும் நிவாரணம் உண்டுன்னு ஒரு வார்த்த முன்கூட்டியே சொல்றதுல அரசுக்கு என்ன செலவுன்னு எனக்கு இன்னும் ஆதங்கம் இருக்கு.

நாங்க அறுத்துக் காயவச்ச தட்டை சித்திரை கடைசி வரைக்கும் வந்துச்சு, எங்க ரெண்டு பசுவும் தப்பிச்சுது. பெரியப்பா மாசி மாசமே உழவுமாட்டு ஜோடிய சந்தைக்கு ஓட்டிட்டுப் போனாரு. திரும்பி வந்தப்ப கையில ரெண்டு மூக்கணாங்கயிறு மட்டும் இருந்துச்சு, அத மாட்டுக்கொட்டாய் ஆணியில மாட்டிட்டு பெரியம்மாகிட்ட தண்ணி கேட்டாரு.