ஃப்ரேமை அடுத்தவங்களுக்கு விட்டுக்கொடுத்த மணிவண்ணன்

டைரக்டர், நடிகர் மணிவண்ணன் இல்லைங்கிறதை இன்னும் மனசு ஏத்துக்க மாட்டேங்குது. ஏப்ரல்ல பி.பி.ஸ்ரீநிவாஸ் போனாரு, மே மாசம் டி.எம்.எஸ். போனாரு, இப்ப 2013 ஜூன் 15 சனிக்கிழமை இவரு. அவங்க ரெண்டு பேரும் எண்பதைத் தாண்டின பாடகர்கள், அழுதாலும் எப்படியோ மனசைத் தேத்திக்க முடிஞ்சுது. இவருக்கு அறுபது கூட ஆகலையே. அம்பதாவது படம் ரிலீஸ் ஆகி ஒரு மாசத்துக்கு மேல கொஞ்ச நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள நெசப்பாக்கம் வீட்டுல மாரடைப்புன்னு செய்தி வருது.

ரெண்டு மூணு நாளா எந்த சேனலைத் திருப்பினாலும் அவரோட காமெடி க்ளிப்தான். உள்ளத்தை அள்ளித்தால கவுண்டமணி கூட மாட்டிக்கிட்டு முழிக்கிற சீன், அவ்வை சண்முகில மாமி பின்னாடி வழியிற முதலியார், முதல்வன்ல அர்ஜுன் பக்கத்துலயே நிக்கிற அந்த பி.ஏ. எல்லாமே நமக்கு மனப்பாடம்தான், எத்தனை தடவை போட்டாலும் சிரிப்பு வரத்தான் செய்யும், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா 'பிரபல காமெடி நடிகர் மணிவண்ணன் மரணம்'னு கீழ எழுத்து ஓடினப்ப மட்டும் நிஜமாவே வலிச்சுது. ஐம்பது படம் டைரக்ட் பண்ணவருங்க அவரு.

யோசிச்சுப் பாத்தா இது ஏன் இப்படி ஆச்சுன்னு புரியுது. அவரு செஞ்ச நல்ல வேலை எல்லாத்துக்கும் வேற யாரோட பேரோ ஞாபகத்துல நிக்குது. அலைகள் ஓய்வதில்லைன்னு சொன்னா பாரதிராஜா, இளையராஜா, அறிமுகமான கார்த்திக், ராதா. கடைசில அந்தப் பையன் பூணூலையும் பொண்ணு சிலுவையையும் கழட்டிப் போட்டுட்டுப் போவாங்களே, 1981ல ஒரு ஸ்கூல் வயசு காதல் கதைக்குள்ள அவ்வளவு பெரிய விஷயத்தை வெச்ச அந்தக் கதை யாரோடதுன்னு கேட்டா பாதி பேருக்குத் தெரியாது. மணிவண்ணனோடது. அதுக்கு முந்தின வருஷம் வந்த நிழல்கள்னா எல்லாருக்கும் வைரமுத்து எழுதின முதல் பாட்டு ஞாபகம் வரும். வேலை கிடைக்காம அலையிற பசங்களோட கதை அது, அதையும் இவருதான் எழுதினாரு. படம் சரியாப் போகலை, ஆனாலும் பாரதிராஜா அடுத்ததுக்கும் இவரைத்தான் கூப்பிட்டாரு. சூலூர்ல இருந்துக்கிட்டு கிழக்கே போகும் ரயில் பாத்துட்டு டைரக்டருக்கு நீளமா ஒரு லெட்டர் எழுதிப் போட்டு, அதை வெச்சு உள்ள வந்தவரு. அதாவது அவரும் நம்மள மாதிரி ஒரு ரசிகனா இருந்துதான் ஆரம்பிச்சாரு, அந்த ஒரு விஷயத்துக்காகவே அவரு மேல எனக்குத் தனிப் பாசம் உண்டு.

முதல் படம் கோபுரங்கள் சாய்வதில்லை, 1982. அதுலயும் சுஹாசினியோட அருக்காணிதான் நின்னாங்க, டைரக்டர் பேரு நிக்கலை. ரெண்டு வருஷம் கழிச்சு நூறாவது நாள் வந்துச்சு, அதைப் பத்திப் பேசினாலே எல்லாரும் சத்யராஜோட மொட்டைத் தலையும் சின்ன வட்டக் கண்ணாடியும்தான் சொல்லுவாங்க. அதே வருஷத்துலயே 24 மணி நேரம். குடும்பக் கதை எடுத்த கையோட த்ரில்லர், அப்புறம் பாலைவன ரோஜாக்கள்னு பத்திரிகைக்காரனும் கலெக்டரும் அரசியல்வாதியை எதிர்த்து நிக்கிற படம், அதுக்கு வசனம் கலைஞர். சின்னதம்பி பெரியதம்பி மாதிரி கிராமத்துக் கலகலப்பு ஒரு பக்கம், சிவாஜியையும் சத்யராஜையும் சேத்து வெச்ச ஜல்லிக்கட்டு இன்னொரு பக்கம். எவ்வளவு வேகமா எடுத்திருக்காரு பாருங்க, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம, எல்லாத்துலயும் வசனம் மட்டும் சுருக்குன்னு குத்தும். வேகமா எடுத்ததால சில படம் அவசரமாத்தான் இருக்கும், அதையும் சொல்லித்தான் ஆகணும். ஆனா நல்லா வந்தது எல்லாம் இன்னிக்குப் பாத்தாலும் நிக்குது.

அமைதிப்படைக்கு வரேன். 1994ல வந்த படம், அதை விட்டுட்டு மணிவண்ணனைப் பத்தி எப்படிப் பேசுறது.

எல்லாரும் சொல்ற அந்த ஓட்டு எண்ற சீன்தான். ஆனா இந்தத் தடவை யாராவது அதைப் போட்டாங்கன்னா சத்யராஜை விட்டுட்டு மணிவண்ணனை மட்டும் பாருங்க. கோயில்ல தேங்காய் பொறுக்கிட்டு இருந்த அமாவாசை, அதாவது சத்யராஜ், சேர்ல நுனியில ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பான், பக்கத்துல இவரு நல்லா சாஞ்சு ராஜா மாதிரி இருப்பாரு. ரவுண்டு ரவுண்டா லீடிங் ஏற ஏற அமாவாசை கொஞ்சம் கொஞ்சமா சேருக்குள்ள போவான், உடம்பு நிமிரும், கை அகலும், குரல் மாறும். அதே நேரத்துல இவரு கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி சுருங்கி, கூப்பிடுற மரியாதையும் மாறி, கடைசில கையைக் கட்டிக்கிற நிலைமைக்கு வந்துடுவாரு. அமாவாசை எம்.எல்.ஏ. நாகராஜசோழன் ஆகுறதை நம்ம நம்புறதே பக்கத்துல ஒருத்தன் குறையுறதைப் பாத்துத்தான். பதவி ஒரு மனுஷனை என்ன பண்ணும், பதவிக்குப் பக்கத்துல நிக்கிறவனை என்ன பண்ணும், ரெண்டையும் ஒரே ஷாட்டுக்குள்ள சொல்லிட்டாரு, ஒரு அறிவுரை கிடையாது. எழுதினதும் அவரு, கேமராவுக்குப் பின்னாடி நின்னதும் அவரு, தான் கீழ இறங்கி நண்பனை மேல ஏத்தி விட்டதும் அவருதான். கைத்தட்டல் ஃபுல்லா சத்யராஜுக்குப் போச்சு. அப்படித்தான் போகணும்னு அவரே பிளான் பண்ணி எடுத்த சீன் அது. தன் சொந்தப் படத்துல தன்னைப் பெருசாக் காட்டிக்காத டைரக்டர்-நடிகர் எத்தனை பேரு சொல்லுங்க பாக்கலாம்.

படத்துக்கு வெளியவும் அப்படித்தான் இருந்திருக்காரு. விக்ரமன், சுந்தர் சி, சீமான்னு அவருகிட்ட அசிஸ்டென்டா இருந்து டைரக்டர் ஆனவங்க லிஸ்ட் பெருசு. உள்ளத்தை அள்ளித்தா எடுத்தது அவரோட சிஷ்யன் சுந்தர் சி, அந்த சிஷ்யன் செட்டுல போயி டபுள் ரோல்ல கோமாளித்தனம் பண்ணிட்டு வந்திருக்காரு குரு. நமக்கு அது காமெடி, எனக்கு இப்ப அதைப் பாத்தா கண்ணு கலங்குது.

நடிகனாவும் அவரை சிரிப்புக்குள்ள மட்டும் அடைக்க முடியாது. ஆரம்பத்துலயே 1988ல கொடி பறக்குதுல ரஜினிக்கே வில்லன். படையப்பால சொத்தைப் பிரிச்சுக் கேட்டு சிவாஜியை உடைய வெக்கிற அந்த ஆளை இன்னிக்கும் நம்ம மன்னிக்கலை. அதே 1999லதான் சங்கமம். நாட்டுப்புறக் கலைஞனா, கலையைத் தவிர வேற எதுவும் தெரியாத பெரியவரா வந்து, கடைசில ஒரு ஆட்டம் இருக்கே... அந்தப் பாட்டுல எம்.எஸ்.வி. குரலும் அவரு மூஞ்சியும் சேர்ற இடத்தை இந்த ரெண்டு மூணு நாள்ல எந்த சேனலும் போட்டதா நான் பாக்கலை. அதைப் போட்டிருக்கணும்.

பேசுறதுக்கு பயப்படாத ஆளு. ஈழத்தைப் பத்தி வாய் திறந்தா சான்ஸ் போகும்னு பல பேரு சும்மா இருந்தப்ப மேடை ஏறிப் பேசினாரு. செத்தா என் மேல ஈழத்துக் கொடியைத்தான் போர்த்தணும்னு முன்னாடியே சொல்லியிருந்தாரு, அந்தக் கொடியைப் போர்த்தித்தான் வெச்சிருந்தாங்க. அவரு அரசியலோட ஒத்துப்போகாத நண்பர்கள் கூட எனக்கு மெசேஜ் பண்ணி, மனுஷன் சொன்னபடி இருந்துட்டுப் போனாருடான்னு சொன்னாங்க.

அமைதிப்படையோட தொடர்ச்சியா நாகராஜசோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. வந்தப்ப பழைய அமைதிப்படை அளவுக்கு இல்லைன்னு எல்லாரும் சொன்னோம். இல்லதான். ஆனா முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்கவே அவ்வளவு சிரமப்பட்ட ஒருத்தரு, காட்டுல இருக்கிற மலைவாழ் மக்களோட நிலத்தைப் பிடுங்குறதைப் பத்தி அம்பதாவது படம் எடுக்கணும்னு நினைச்சாரு பாருங்க. வசதியா எதையாவது எடுத்திருக்கலாம்ல. திரும்பவும் நண்பனுக்கு நாற்காலியைக் கொடுத்துட்டு பக்கத்துல தான் நின்னாரு.

டிவிக்காரங்க கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள்தான். இனி ஒரு சுதந்திரம்னு 1987ல ஒரு படம், சிவகுமார் வயசான சுதந்திரப் போராட்டத் தியாகியா நடிச்சது. அமைதிப்படையில சிரிச்சுக்கிட்டே சொன்ன கோபத்தை அதுல சிரிக்காமயே சொல்லியிருப்பாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல அதை ஒரு தடவை போடுங்க. உங்கள்ல யாருகிட்டயாவது அந்தப் படத்தோட நல்ல டிவிடி இருந்தா எனக்குச் சொல்லுங்க, எங்க இருந்தாலும் வந்து வாங்கிக்கிறேன்.