ஏழாம் நாளில் வரும் காய்ச்சல்

கார்த்திகை பிறந்துவிட்டால் என் வெளிநோயாளர் அறையில் ஒரே கேள்வியை நாளொன்றுக்கு முப்பது, நாற்பது முறை கேட்பேன்: "காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு?" முதல் நாள், இரண்டாம் நாள் என்ற பதில் குறைவாகத்தான் வரும். ஐந்தாம் நாள், ஏழாம் நாள் என்பதே வழக்கம். அதற்குள் மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை ஒரு சுற்றும், தெருமுனையில் போட்டுக்கொண்ட ஊசி இரண்டும் உடம்புக்குள் போயிருக்கும். வேலூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பொது மருத்துவராக இருக்கும் என்னிடம், தொற்றுநோய்களுக்குச் சிகிச்சையளிப்பதில் இன்று எது கடினம் என்று கேட்டால், மருந்து கிடைக்காததைச் சொல்ல மாட்டேன். காய்ச்சலுக்குச் சரியான பெயர் வைப்பதுதான் கடினம் என்பேன்.

சென்ற மார்கழியில் ஒரு பெண்மணி வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். மாட்டுக்குப் புல் அறுப்பதும் களை எடுப்பதும் அவர் வேலை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். கையிலிருந்த ஜவுளிக்கடைப் பையை அப்படியே என் மேசையில் கவிழ்த்தார். அதிலிருந்து விழுந்தவற்றில் பாராசிட்டமால் அட்டை மட்டும் முழுதாக இருந்தது. மற்றவை கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக வெட்டிக் கொடுத்தவை. பெயரும் காலாவதித் தேதியும் இருந்த பகுதி கடையிலேயே தங்கிவிட்டிருந்தது. ஒரு துண்டின் பின்புறத்தில் 'க்சைம்' என்ற வால் மட்டும் மிஞ்சியிருந்தது. அது செஃபிக்சைமா, செஃப்யூராக்சைமா என்று துப்பறிவதற்குள் அடுத்த நோயாளி கதவைத் தள்ளுகிறார். பையின் அடியில் இரண்டு இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் இருந்தன. ஒன்றில் விடால் பரிசோதனை 1:160, கீழே சிவப்பு மையில் கோடு. மற்றொன்றில் பிளேட்லெட் 68,000. ஆக, ஓர் அறிக்கையின்படி அவருக்கு டைபாய்டு, மற்றொன்றின்படி டெங்கு. இரண்டையும் நம்பி இரண்டுக்கும் வைத்தியம் நடந்திருந்தது.

விடால் பரிசோதனை 1896இல் வந்தது. அதன் வயதை வைத்து நான் அதைக் குறை சொல்லவில்லை. நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தைத்தான் சொல்கிறேன். டைபாய்டு கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்பொருளின் அளவை அது காட்டுகிறது. டைபாய்டு பரவலாக உள்ள நம் ஊர்களில், முன்பு எப்போதோ வந்துபோன தொற்றினாலோ தடுப்பூசியினாலோ நலமாக இருப்பவருக்கும் ஓரளவு எதிர்பொருள் இருக்கும். வேறு காய்ச்சல்களிலும் அது ஏறலாம். ஒழுங்காகப் பார்ப்பதென்றால் பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் இருமுறை இரத்தம் எடுத்து, நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். காய்ச்சலோடு வந்தவரிடம், "இரண்டு வாரம் கழித்து வாங்க, அப்புறம் சொல்றேன்" என்று எந்த மருத்துவர் சொல்வார்? அதனால் ஒற்றை அறிக்கையே தீர்ப்பாகிவிடுகிறது. பிளேட்லெட் கதையும் இப்படித்தான். அது குறைந்தாலே டெங்கு என்று ஊர் முழுக்க நம்புகிறது, பப்பாளி இலை அரைபடத் தொடங்குகிறது. ஆனால் எலிக் காய்ச்சல், மலேரியா, ஸ்க்ரப் டைபஸ் எல்லாவற்றிலும் பிளேட்லெட் குறையும்.

அவருக்கு நிமிடத்துக்கு 32 முறை மூச்சு வாங்கியது. இரத்த அழுத்தம் 90/60, ஆக்சிஜன் அளவு 91. விரலில் கருவியை மாட்டியதுமே இது வெளிநோயாளர் சீட்டில் மருந்து எழுதி அனுப்பும் காய்ச்சல் இல்லை என்று தெரிந்துவிட்டது. உள்ளே படுக்கவைத்து, திரையை இழுத்துவிட்டு, எங்கள் சிஸ்டரிடம் உடம்பு முழுவதும் பார்க்கச் சொன்னேன். அந்த மூலையில் இருக்கும் குழல்விளக்கு எப்போதும் மினுக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அவர் தம் கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டார். இரண்டு நிமிடத்தில், "சார், இருக்கு" என்று குரல் வந்தது. இடது மார்பின் கீழ் மடிப்பில், மிளகை நசுக்கி ஒட்டியது போல் கறுத்த பொருக்கு. அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். "இது எப்போம்மா வந்தது?" என்று கேட்டேன். "எது சார்?" என்றார். வலிக்காது, அரிக்காது, அவருக்கே தெரியாது.

அந்தப் பொருக்கு ஸ்க்ரப் டைபஸின் கையெழுத்து. ஓரியன்சியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடித்த இடம் அது. அக்குள், தொடை இடுக்கு, காது மடலின் பின்புறம், பாவாடை நாடா இறுகும் இடுப்பு என்று ஆடை மறைக்கும் இடங்களையே அந்தப் புழு பெரும்பாலும் தேடிப் போகும். எல்லா நோயாளிகளுக்கும் பொருக்கு இருக்காது. இல்லாததால் அந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் இருந்தால், அதைவிட வேகமான, செலவில்லாத சான்று வேறில்லை. செய்தித்தாள்கள் இதை 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவதில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. உண்ணி என்றதும் மாட்டின் காதில் தொங்கும் கொழுத்த உண்ணியைத்தான் மக்கள் நினைக்கிறார்கள். "எங்க வீட்ல மாடே இல்லையே சார்" என்று அதனால்தான் சொல்கிறார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் இந்த இளம்புழுவோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்குப் படுவதே அரிது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மாக் காடுகளில் படைவீரர்களைச் சாய்த்த அதே நோய் இன்று எங்கள் வரப்போரப் புல்லில் இருக்கிறது.

இதில் வேதனை என்னவென்றால், வழக்கமாகப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ செஃபிக்சைம் மாத்திரையோ இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. அது நம் உயிரணுக்களுக்குள்ளே புகுந்து வாழ்கிறது. டாக்ஸிசைக்ளின் வேண்டும், அல்லது அசித்ரோமைசின் வேண்டும். இரண்டுமே பழைய, விலை மலிந்த மருந்துகள். நோய் முற்றிய நிலையில் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் தருகிறது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 800 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. காய்ச்சலும் சிக்கல்களும் நீடிப்பது குறைந்தது. 28 நாளுக்குள் நேர்ந்த இறப்பில் மட்டும் பெரிய வேறுபாடு இல்லை. அந்தக் கடைசி வரியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எந்த மருந்து என்ற கேள்விக்கு விடை வந்துவிட்டது, எந்த நாளில் தொடங்குகிறோம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அன்று எங்களிடம் டாக்ஸிசைக்ளின் ஊசி இல்லை. ஆக்சிஜன் வைத்து, மாத்திரையாக 200 மில்லிகிராம் விழுங்கச்செய்து, அசித்ரோமைசினை நரம்பில் ஏற்றி, 108 வண்டியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரண்டாம் நாள் மாலையே காய்ச்சல் இறங்கிவிட்டதாக அவர் மகன் தொலைபேசியில் சொன்னான்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே அறையில் ஓர் இளைஞனுக்கு டெங்கு என்று எழுதி மூன்று நாள் பிளேட்லெட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். மூச்சுத்திணறல் வந்த பிறகு மேல்சிகிச்சைக்கு அனுப்பினேன். அங்கே ஒரு பயிற்சி மருத்துவர் அவன் காதுமடலை மடித்துப் பார்த்து, பொருக்கைக் கண்டுபிடித்தார். ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தான். அன்று காலை நான் பார்த்த நோயாளிகள் நூற்றிருபதுக்கு மேல். அது காரணமாகலாம், நியாயமாகாது.

நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை வீணாக்கிவிட்டோம் என்று கருத்தரங்குகளில் புலம்புகிறோம். புலம்பக் காரணம் உண்டு. கார்பபெனெம் என்ற கடைசிக்கட்ட மருந்தையே முறிக்கும் என்டிஎம் வகைக் கிருமிகள் சென்னையில் இருப்பதாக 2010இலேயே 'லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ்' இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. இந்த எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்த வழி சொல்லி 2012இல் மருத்துவர்களின் 'சென்னைப் பிரகடனம்' வந்தது. 2014 மார்ச்சிலிருந்து எச்1 அட்டவணை வந்து, செஃபிக்சைம் போன்றவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்றது சட்டம். கத்தரிக்கோல் அதற்குப் பின்பும் வேலைசெய்கிறது. ஆனால் கடைக்காரரையும் நோயாளியையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நான் ஏற்பதில்லை. அந்தப் பெண்மணிக்குப் போட்ட ஊசிகள் அவருடைய காய்ச்சலைத் தொடாமல், அவர் குடலில் இருக்கும் கிருமிகளுக்கு மட்டும் எதிர்ப்பாற்றல் பழக்கிவிட்டுப் போயின. அவற்றுள் ஒன்றையாவது தகுதியுள்ள ஒரு மருத்துவர்தான் எழுதியிருப்பார். பெயர் தெரியாத காய்ச்சலுக்குப் பலவகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்து ஒன்றைப் போட்டுவைப்பது, நோயாளியைவிட மருத்துவரின் அச்சத்துக்குத்தான் முதலில் மருந்தாகிறது.

இரத்தக் கல்ச்சர், அதாவது இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, இரத்தம் எடுத்துவிட்டு முதல் ஊசியைப் போடுங்கள் என்று பாடநூல் சொல்கிறது. ஒரு கல்ச்சருக்கு ஆகும் கட்டணத்தில் ஐந்து நாளைக்கான ஊசி மருந்தையே வாங்கிவிடலாம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஏற்கெனவே மாத்திரை விழுங்கியவருக்கு ஒன்றும் வளராமலே போகலாம். அப்படியானால் எல்லோருக்கும் டாக்ஸிசைக்ளினைக் கொடுத்துவிடலாமே என்று ஓர் இளைய நண்பர் கேட்டார். டைபாய்டை அதை நம்பி விட முடியாது, இதய வால்வில் ஒளிந்திருக்கும் தொற்றையும் காசநோயையும் அது காட்டிக்கொடுக்காது. எனவே ஆதாரமுள்ள இடத்தில் தயங்காமல் தொடங்குகிறேன். தொடங்கி 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டால் என் சந்தேகத்தையே சந்தேகிக்கிறேன். கொடுக்கும்போது ஒன்று மட்டும் மறக்காமல் சொல்வேன்: வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை டானிக்கை இந்த மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், மருந்து உடம்பில் சேராது.

அந்தப் பெண்மணி மூன்று வாரம் கழித்து நேரில் வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் நடந்து வந்தார். பொருக்கு உதிர்ந்து அந்த இடம் வெளுத்துவிட்டதாகச் சிஸ்டர் பார்த்துச் சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்றேன். அவர் கிளம்பவில்லை. ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். வரும் வழியில் பேருந்து நிலையத்தருகே கொடுத்து எடுத்ததாம்.

"இன்னும் 160தான் காட்டுதாம் சார். டைபாய்டு போகலையா?"