85 வாங்குவதற்கு முன் அறையை அளந்து பாருங்கள்

தேவகோட்டைத் தம்பி ஒருவன், கல்யாணப் படம் எடுக்கும் என்னோடு மூன்று நான்கு முகூர்த்தங்களுக்கு லைட் பிடிக்க வந்திருக்கிறான். இப்போது சொந்தமாக ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா வாங்கிவிட்டான். போன வாரம் போன் செய்து, "அண்ணே, ஒரே ஒரு ப்ரைம் லென்ஸுக்குத்தான் காசு இருக்கு, 85 வாங்கவா 35 வாங்கவா?" என்று கேட்டான். (ப்ரைம் என்றால் ஜூம் இல்லாத லென்ஸ். எண் எம்.எம். கணக்கு: கூடக் கூட தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும், படத்துக்குள் அடங்கும் இடம் குறையும்.) எல்லாரும் 85தான் போர்ட்ரெய்ட் லென்ஸ் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது தப்பில்லை. ஆனால் அவன் வேலை செய்யப் போவது செட்டிநாட்டு வீடுகளில். அதனால் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

நம் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல், அவ்வளவு நீளமான வீடு, உள்ளே எங்கு நின்றாலும் படம் எடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். வீடு பெரிதுதான், நடுவில் திறந்த முற்றமான வளவும் பெரிதுதான். ஆனால் வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் சின்னவை. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று கட்டியவை அவை, பல வீடுகளில் பத்தடிக்குப் பத்தடி இருந்தாலே அதிகம். பெண்ணுக்கு நகை பூட்டுவது, ஆச்சிமார் கூடி உட்கார்ந்து பூத் தொடுப்பது, அம்மாவும் மகளும் ஒரு நிமிடம் தனியாக நின்று கண் கலங்குவது எல்லாம் அந்த அறைகளுக்குள்தான் நடக்கும்.

கணக்கைப் பாருங்கள். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து ஓர் ஆளை உச்சி முதல் பாதம் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க வேண்டும் என்றால், ஃபுல் ஃப்ரேமில் 35 எம்.எம்.முக்கு ஆறரை அடி தள்ளி நின்றால் போதும். 50க்கு ஒன்பது அடி, 85க்குப் பதினைந்தரை அடி, 135க்கு இருபத்தைந்து அடி வேண்டும். பத்தடி அறையில் கட்டில், பீரோ, பித்தளைச் சாமான், நான்கு உறவுக்காரர்கள் போக உங்களுக்கு மிஞ்சுவது ஆறடி. 85ஐ மாட்டிக்கொண்டு அங்கே நின்றால் முகமும் தோளும் கிடைக்கும், அவ்வளவுதான்.

எனக்கு இது ஒரு கல்யாணத்தில் வலியோடு தெரிந்தது. கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு வீடு, நான் 85 வாங்கிய புதுசு. அறைக்குள் பெண்ணின் ஆயா, எண்பது வயது தாண்டியவர், பேத்தி கையில் ஒவ்வொரு வளையலாக ஏற்றிக்கொண்டிருந்தார். நான் முதுகு சுவரில் இடிக்க நின்று அவர் முகத்தையும் பேத்தி முகத்தையும் தனித்தனியாக எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அருமையாக விழுந்திருந்தது, படங்களும் நன்றாகவே வந்தன. ஆல்பம் கொடுக்கப் போன அன்று பெண்ணின் அம்மா பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க ஆத்தா கை ஒண்ணுலயும் வரலையே தம்பி" என்றார். ஆயா அதற்குள் தவறிவிட்டிருந்தார். அந்தக் கைதான் அன்றைக்கு அந்த அறையில் நடந்த காரியம், அது என் படத்தில் இல்லை. ஒரு 35 இருந்திருந்தால் இரண்டு முகமும் நான்கு கையும் கட்டிலும் அந்தப் பழைய கதவும் ஒரே படத்தில் இருந்திருக்கும். அன்று முதல் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அறைக்குள் 35ஓடு நுழைகிறேன்.

சரி, அப்படியானால் 35ஐ வைத்தே முகமும் எடுத்துவிடலாமே என்று அந்தத் தம்பி கேட்டான். எடுக்கலாம், ஆனால் முகத்தை மட்டும் நிரப்பி எடுக்கக் கூடாது. முகம் மாறித் தெரிவதற்குக் காரணம் லென்ஸ் இல்லை, நீங்கள் நிற்கும் தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் சுமார் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35ஐ வைத்து முகத்தை நிரப்ப அரை மீட்டர் வரை நெருங்க வேண்டும். அப்போது மூக்கைவிடக் காது கால் பங்குக்குக் கிட்டத்தட்ட அதிகத் தூரத்தில் இருக்கும், அதனால் மூக்கு பெருத்துக் காது சுருங்கித் தெரியும். 85ஐ வைத்து ஒன்றரை மீட்டரில் நின்றால் அந்த வித்தியாசம் எட்டு சதவீதம்தான். கண்ணுக்குப் பழகிய முகம் அப்படியே வரும். அதே ஒன்றரை மீட்டரில் நின்று 35இல் எடுத்து, பிறகு வெட்டிக்கொண்டாலும் முக வடிவம் ஒன்றாகத்தான் இருக்கும். தரம் குறையும், பின்புல ப்ளர் குறையும், அவ்வளவே வித்தியாசம். இதை ஒருமுறை வீட்டில் யாரையாவது உட்காரவைத்துச் செய்து பாருங்கள்.

ஜூம் இருக்கும்போது ப்ரைம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். வெளிச்சத்துக்காக. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். எஃப் 2.8 ஜூமைவிட எஃப் 1.8 ப்ரைம் இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். நம் வீடுகளில் ஃப்ளாஷை மேலே திருப்பி அடித்தால் ஒன்றும் திரும்பி வராது, ஏனென்றால் மேலே இருப்பது பர்மா தேக்கு, அதுவும் நல்ல உயரத்தில். கொஞ்சம் வந்தாலும் மரத்தின் நிறத்தோடு வரும். நேராக அடித்தால் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் ஆத்தங்குடித் தரையும் பளபளவென்று திருப்பி அடிக்கும், கண்ணாடி மாதிரி இழைத்த சுவர் அல்லவா. ஆக இருக்கிற வெளிச்சத்தில், அதாவது வளவில் மேலிருந்து இறங்கும் வெளிச்சத்திலும் கதவு வழியாக வருகிற கொஞ்சத்திலும்தான் பாதி வேலை. வண்ணக் கண்ணாடி ஜன்னல் பக்கம் பெண்ணை நிறுத்தும்போது மட்டும் கவனம்: கன்னத்தில் பச்சையோ சிவப்போ விழுந்துவிட்டால் பிறகு சரி செய்வது பெரும்பாடு. ஓரடி நகர்த்தினால் தீர்ந்துவிடும்.

இனி நான் ரொம்பவே மனம் வைத்துச் சொல்ல நினைக்கிற விஷயம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற குடும்பம், அங்கே நல்ல மண்டபமோ ஹோட்டலோ எடுக்க வசதியுள்ள குடும்பம், ஒரு வருடம் முன்பே ஆள் வைத்து ஒட்டடை அடித்து, தூணுக்கு எண்ணெய் பூசி, தண்ணீர் வசதி செய்து, பூர்வீக வீட்டில் வந்து கல்யாணம் செய்கிறது. எதற்கு? அந்த வீட்டில் நடக்க வேண்டும் என்பதற்காக. நாம் 85ஐ எஃப் 1.8இல் திறந்து வைத்து, பின்னால் இருக்கும் தூண்வரிசை, நிலைக்கதவுச் சிற்பம், தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் எல்லாவற்றையும் பழுப்புப் பனியாகக் கரைத்துக் கொடுக்கிறோம். அந்தப் படத்தைக் கோயம்புத்தூர் மண்டபத்தில் எடுத்தேன் என்று சொன்னாலும் நம்பலாம். பின்புலம் இப்படிக் கரைகிற பொக்கே அழகுதான், எனக்கும் பிடிக்கும், ஆனால் எல்லாப் படத்திலும் வீட்டை அழித்துவிட்டால் அந்தக் குடும்பம் பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை?

35ஐ எஃப் 2.8 அல்லது 4இல் வைத்து, வளவைச் சுற்றியிருக்கும் பத்தியில் (தாழ்வாரத்தில்) நின்று எடுங்கள். பெண் தெளிவாக இருப்பாள், பின்னால் தூணும் தூணாகவே தெரியும், தரையும் வரும். கேமராவை மட்டும் மேலே சாய்க்காதீர்கள், சாய்த்தால் தூண்கள் உள்பக்கமாகச் சரிந்து வீடு விழுவது போல இருக்கும். இடுப்பு உயரத்துக்கு இறங்கி நேராகப் பிடித்தால் போதும்.

இதையெல்லாம் வைத்து 85 வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. வளவு இருக்கிறதே, அது 85க்கென்றே கட்டியது போல இருக்கும். இந்தப் பத்தியில் நாம் நின்றால் எதிர்ப் பத்தியில் பெரியவர்கள் உட்கார்ந்து இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதிக்கொண்டிருப்பார்கள். நடுவில் திறந்த வளவு, யார் கண்ணையும் உறுத்தாமல் மூக்குக் கண்ணாடி, எழுதுகிற விரல், எட்டிப் பார்க்கிற பேரன் எல்லாம் கிடைக்கும். வரிசைத் தூண்கள் அங்கிருந்து பார்க்கும்போது நெருங்கி அடுக்கியது போல நிற்கும், அது 35இல் வராத அழகு. தனிப் போர்ட்ரெய்ட்டுக்கும் 85தான் என் கை தானாகப் போகும் லென்ஸ். ஒன்றரை மீட்டரில் எஃப் 1.8இல் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர்தான் என்பதை மறக்க வேண்டாம். மூக்குத்தியில் ஃபோகஸ் வைத்தால் தோடு போய்விடும், அதனால் நான் எஃப் 2.8க்குக் கீழே இறங்குவது அபூர்வம். இன்னொன்று, சாதாரண 85கள் எண்பது சென்டிமீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. கழுத்திருவின் (பெண்ணுக்குப் பூட்டும் தாலி நகையின்) வேலைப்பாட்டைத் தனியாக எடுத்துத் தரச் சொன்னால் அது உதவாது. கேனான் ஆர்.எஃப். 85 எஃப் 2 மேக்ரோ 35 சென்டிமீட்டர் வரை நெருங்கும், கேனான் மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் அதை யோசிக்கலாம்.

திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்துக்கு மட்டும் எந்தக் குழப்பமும் வேண்டாம். 35. சங்கும் கெட்டிமேளமும் சேர்ந்து எழும்பும்போது மாமன், அத்தை, அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) எல்லாரும் ஒரு சுற்றாக நெருங்கிவிடுவார்கள், வீடியோக்காரர் ஒரு பக்கம், போன்கள் பத்துப் பதினைந்து. பின்னால் போக இடமே இருக்காது, உள்ளேதான் போக முடியும். லென்ஸ் மாற்றுகிற யோசனையே கூடாது, பன்னீரும் அட்சதையும் பறக்கிற இடத்தில் கேமரா வாயைத் திறக்கலாமா? இரண்டு கேமரா பாடி வசதி வந்த பிறகு ஒன்றில் 35, ஒன்றில் 85, அதுதான் இன்றுவரை என் கழுத்தில் தொங்குவது.

50ஐப் பற்றிச் சுருக்கமாக. கேனான் 50 எஃப் 1.8 வெறும் 160 கிராம், விலையும் குறைவு. சின்ன சென்சார் உள்ள க்ராப் பாடி வைத்திருந்தால் அது 75, 80 போல வேலை செய்யும், போர்ட்ரெய்ட்டுக்கு அதுவே போதும். கூட ஒரு 24 வாங்கிக்கொண்டால் அறைக்கும் ஆயிற்று. ஃபுல் ஃப்ரேமில் நான் 50 எடுப்பது குடும்பப் படத்துக்கு. முகப்புப் படியில் நாற்பது பேரை நிறுத்தி 35இல் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் அகன்றுபோவார்கள், ஓரத்தில் நிற்பவர் பெரும்பாலும் யாரோ ஒரு பெரியம்மாவாக இருப்பார், அவருக்கு மனசு கஷ்டமாகும். நம் தெருக்கள் நல்ல அகலம், எதிர்த் திண்ணை வரை பின்னால் போய் 50இல் எடுங்கள், எஃப் 5.6.

135 என்னிடம் வாடகைக்குத்தான் வரும், அதுவும் சாந்திக் கல்யாணங்களுக்கு. அறுபது, எண்பது ஆனவர்களுக்குக் கலச நீர் ஊற்றும்போது பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வரிசையாக வந்து ஊற்றுவார்கள். ஐயா கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்குவார், ஆச்சி குளிரில் சிரிப்பார். தண்ணீர் தெறிக்காத தூரத்தில், அவர்களுக்கு நாம் இருப்பதே தெரியாமல் நின்றால்தான் அந்தச் சிரிப்பு கிடைக்கும். ஷட்டர் 1/500 நொடியைவிட வேகமாக இருந்தால் தண்ணீர்த் துளியும் நிற்கும், கை நடுக்கமும் தெரியாது.

தம்பி 35தான் வாங்கியிருக்கிறான், பழைய சாமான், நல்ல நிலையில் இருக்கிறது. நேற்றுப் பள்ளத்தூரில் ஓர் அடுப்படியில் எடுத்த படம் ஒன்று அனுப்பினான்: நான்கு பெண்கள், நடுவில் பெரிய அண்டா, மேலே புகைக்கூண்டு வழியாக ஒரு கீற்று வெளிச்சம், யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. வைகாசி முகூர்த்தத்துக்கு என் 85ஐ வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன், அன்று எனக்கு வேலை இல்லை.