எப்படிங்ணா தெரியும்?

"லாக்ல ஸ்கிரிப்டோட வரி ஒண்ணுகூட வரலீங்ணா. பாதியில கில் பண்ணி நிறுத்திட்டு மறுபடி ஓட்டட்டுங்களா?"

ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் கோபிக்காரத் தம்பி கேட்டான். "வேண்டாம், ஓடட்டும்" என்றேன். "ஓடுதுன்னு எப்படிங்ணா தெரியும்?" என்றான். "நான் சொல்றேன்ல, விடு" என்றேன். அந்தக் கடைசி பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரியே களைகட்டிவிடும். அதற்குள் ஸ்டாக் கணக்கு முடிந்தாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் பைத்தான் ஸ்கிரிப்டை, இணைப்பு அறுந்தாலும் நிற்காமலிருக்க நோஹப் போட்டு, அவுட்புட்டையும் எர்ரரையும் 2>&1 என்று ஒரே லாக் ஃபைலுக்குத் திருப்பி, கடைசியில் & போட்டுப் பின்னணியில் ஓட அவன்தான் விட்டிருந்தான். சரியாகத்தான் விட்டிருந்தான். நடுவில் ஆபீஸ் நெட் போய் சர்வருக்கான எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தபோதும் ஜாப் சாகவில்லை.

லாக்கில் ஏன் ஸ்கிரிப்டின் வரி இல்லை என்பது எனக்குத் தெரியும். டெர்மினலுக்குப் போனால் பிரிண்ட் வரிவரியாக வரும். ஃபைலுக்கு என்றால் பஃபர் என்கிற தற்காலிக நினைவகத்தில் தேங்கி, சில கிலோபைட் நிரம்பிய பிறகுதான் மொத்தமாக இறங்கும். எங்கள் ஸ்கிரிப்ட் ஒரு குடோனுக்கு ஒரு வரிதான் எழுதும், எங்கே நிரம்பும்? கில் செய்திருந்தால் அந்த வரிகளும் போயிருக்கும், எந்தக் குடோன்வரை முடிந்தது என்றே தெரிந்திருக்காது. எர்ரர் அப்படித் தேங்காது, உடனே ஃபைலில் விழும். விழவில்லை. ஓடுகிற பிராசஸ்களைக் காட்டும் டாப் கமாண்டில் பார்த்தால் அந்த பிராசஸின் சிபியு நேரம் ஏறிக்கொண்டிருந்தது. டேட்டாபேஸ் பதிலுக்காகச் சும்மா நின்றிருந்தால் ஏறாது.

இதையெல்லாம் அவனிடம் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அந்நேரம் கணக்குக்குக் காத்திருந்த பார்ட்டி வேறு போன் லைனில், "ஆச்சுங்களா, ஆச்சுங்களா" என்று. யாராக இருந்தாலும் முதலில் போனைத்தான் பார்த்திருப்பார்கள்.

அதிருக்கட்டும், எனக்கு முழுசாகத் தெரியுமா? முடிவில்லாத லூப்பில் சுற்றினாலும் சிபியு ஏறத்தான் செய்யும். புரோகிராம் சிஸ்டத்திடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டிருந்தால் டேட்டாபேஸிலிருந்து தகவல் வருவது கண்ணெதிரே தெரிந்திருக்கும். அது ஜாப்பின் வேகத்தைக் குறைக்கும். நேரம் நெருக்கும்போது, நிஜ வேலை ஓடுகிற புரொடக்‌ஷனில் மாட்ட மனசு வரவில்லை. அந்தத் தயக்கம் இன்றைக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால் அவனுடைய கேள்விக்கு நேர்மையான பதில் "தெரியும்" இல்லை, "பெரும்பாலும் ஓடுது" என்பதுதான்.

விடியுமுன் ஜாப் முடிந்து, லாக் மொத்தமாக வந்து விழுந்தது. நான் சொன்னபடியே நடந்ததுதான் சங்கடம். தவறிப் போயிருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேசியிருப்போம்.

இப்போதெல்லாம் அவன் விடும் ஒவ்வொரு பைத்தான் ஜாப்பிலும் மைனஸ் யு (-u) ஆப்ஷன் இருக்கிறது. பஃபரில் தேங்காமல் வரிகள் உடனுக்குடன் லாக்கில் வருகின்றன. எங்கே கத்துக்கிட்டாய் என்றேன். "தேடிப் பாத்தனுங்ணா" என்றான். தானாகவே தேடிக் கற்றுக்கொள்கிற பையன் என்று சந்தோஷப்படுவதா, பக்கத்து சீட்டில் இருக்கிற என்னிடம் கேட்க யோசித்தானே என்று வருத்தப்படுவதா என்பதில் எனக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வருகிறது.