தொப்பியை விடுங்கள், அடியைத் தோண்டுங்கள்

ஆனி மாதம் செங்கோட்டையில் சாரல் தூறிக்கொண்டிருக்கும்போது, புளியரை ஏற்றம் ஏறிக் கோட்டைவாசலைத் தாண்டினால் கேரளத்து ஆரியங்காவில் மழை கொட்டும். மலை ஒன்றுதான், பருவம் வேறு. தென்காசிப் பக்கம் ஐப்பசி இடிமழைக்குப் புற்றுக்காளான் எடுத்துப் பழகியவர்கள் அதே கணக்கோடு மேற்கே போகக்கூடாது. அங்கே இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் இறங்கும். நடுவில் மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் காட்டும்போது முதல் ஈடு முளைத்துவிடும். துலாம் மாத, அதாவது நம் ஐப்பசி, இடிமழைக்கு இன்னொரு ஈடு.

பேச்சும் கொஞ்சம் மாறும். காளானைக் கூண் என்று கேட்டால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். கரையானுக்கு அங்கே சிதல் என்று பெயர். நம் பழைய நூல்களில் கிடக்கும் சொல் அங்கே இன்னும் வீட்டுப் பேச்சில் இருக்கிறது.

எங்கே தேடுவது என்பதற்கு முன், எங்கே தேடக்கூடாது என்பது. தென்மலையை ஒட்டியிருப்பது செந்துருணி வனவிலங்குச் சரணாலயம், 1984இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஒரு காளானைக் கிள்ளினாலும் சட்டப்படி குற்றம். சுற்றியுள்ள காப்புக்காட்டிலும் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்க முடியாது. மிச்சம் இருப்பது வீட்டுத் தோப்புகளும் ரப்பர் தோட்டங்களும்தான். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ரப்பர் தோட்டம் என்றால் மருந்து அடித்தார்களா என்றும் கேளுங்கள். மழைக்கால இலையுதிர்வு நோய்க்காகப் பருவமழைக்கு முன்பே செம்பு கலந்த மருந்தை மரங்களுக்குத் தெளிப்பது அங்கே வழக்கம். மண்ணில் உள்ள உலோகங்களைக் காளான் உறிஞ்சிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். எனவே மருந்து அடித்த தோட்டத்தைத் தொடாமல் வந்துவிடுவதே நல்லது.

இனி முக்கியமான சங்கதி. புது ஊரில் காளானை மேலிருந்து பார்த்து முடிவு செய்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். உண்ணலாமா கூடாதா என்பதற்கான பெரிய சாட்சி மண்ணுக்குள் இருக்கிறது. தண்டை ஒடித்து எடுத்தால் அந்தச் சாட்சியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

சின்னக் களைக்கொத்து ஒன்று கொண்டுபோங்கள். காளானிலிருந்து நான்கு விரல் தள்ளிச் சுற்றிலும் மண்ணை நெகிழ்த்தி, ஒரு சாண் ஆழம் வரை பொறுமையாக இறங்குங்கள். புற்றுக்காளானாக இருந்தால் தண்டு மண்ணோடு நிற்காது. முள்ளங்கி வால் போல மெலிந்துகொண்டே கீழே கரையான் அறை வரை போகும். அங்கே கரையான்கள் மென்ற சருகால் கட்டிய, கடற்பஞ்சு போன்ற கூடு இருக்கும். அதன்மேல் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் பொட்டுகள். அந்தக் கூட்டிலிருந்துதான் காளான் மேலே வருகிறது. வெளியே புற்று தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை, பல கூடுகள் தரைக்கடியிலேயே இருக்கும். புற்றின் பக்கத்தில் முளைத்ததெல்லாம் புற்றுக்காளான் என்றும் நினைக்காதீர்கள்.

அடியில் முட்டை ஓடு பிளந்த மாதிரி ஒரு வெள்ளை உறை, கோப்பை போலத் தண்டைக் கவ்வியிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது அமானிட்டா என்னும் காளான் இனமாக இருக்கலாம். அதில் சில வகைகள் ஈரலைக் கொல்லும். விரியாத மொட்டுக்குள்ளும் அது ஒளிந்திருக்கும் என்பதால் தனியாகக் கிடைக்கும் வெள்ளை உருண்டைகளைச் சேர்க்காதீர்கள். அதேசமயம், கோப்பை இல்லை என்பது மட்டும் போதாது. கோப்பை இல்லாமலே அதே நஞ்சைச் சுமக்கும் சிறு காளான்களும் உண்டு. மண்ணுக்குள் நீளும் வேர், தொப்பி நடுவில் கூர்மையான முனை, தொப்பியின் அடியில் தண்டைத் தொடாத செதில்கள், அவற்றிலிருந்து உதிரும் இளஞ்சிவப்பு ஓடிய வித்துத்தூள், இவை நான்கும் ஒத்துவந்தால்தான் சட்டியில் போட வேண்டும்.

வித்துத்தூள் பார்க்கத் தொப்பியை மட்டும் வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்பான தாளில் செதில் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு தம்ளரைக் கவிழ்த்துவிடுங்கள். ஓர் இரவு போதும். பச்சையாகப் படிந்தால் அது பச்சை வித்துக்காளான். புல்தரையிலும் தோப்பு ஓரங்களிலும் மழைக்குப் பின் வரும் பெரிய வெள்ளைக்காளான், தண்டில் வளையம் இருக்கும். இளசாக இருக்கும்போது செதில் வெள்ளையாகவே இருப்பதால் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் கொண்டுவரும்.

கம்பளம் விரித்தாற்போல் முளைக்கும் அரிக்கூண், நம் அரிசிக்காளான், இந்த வேர்ச் சோதனைக்கு அடங்காது. கரையான் வெளியே தள்ளிய கூட்டுத் துணுக்கில் அது முளைப்பதால் நீண்ட வேர் கிடையாது. அதைப் போன்ற குட்டிக் காளான்கள் பல இருப்பதால், உள்ளூர்க்காரர் கூட இல்லாமல் எடுக்காதீர்கள்.

எடுக்கும் ஒவ்வொரு காளானின் அடியையும் பார்த்தாக வேண்டும். பார்த்து முடித்ததும் தோண்டிய குழியை மூடுங்கள். கூடு பிழைத்தால் அதே இடத்தில் அடுத்த வருடமும் வரும். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த பழமொழியை நினைவில் வைத்து, பொந்துக்குள் கைவிடாமல் முதலில் கம்பால் தட்டுங்கள். அட்டை கடிக்காமல் இருக்க முட்டி வரை நெருக்கமான துணிக் காலுறை போதும். பிளாஸ்டிக் பையில் போட்ட காளான் புழுங்கிச் சில மணி நேரத்தில் கெட்டுவிடும், ஓலைக்கூடையோ துணிப்பையோ நல்லது.

வெள்ளிக்காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி தின்றிருந்தால் நல்லது என்பவற்றை நம்பாதீர்கள். அமானிட்டா நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்யாது, கொதித்தாலும் அழியாது, நத்தைக்கும் புழுவுக்கும் ஒன்றும் செய்யாது. தின்ற ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான், வாந்தி தொடங்கும். பிறகு நின்றுபோய் குணமானது போலத் தோன்றும். அந்த இடைவெளியில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். தாமதமாக வரும் வாந்திதான் பயங்கரமானது. வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் இருக்காமல் 108ஐ அழையுங்கள்.

நன்றாகக் கழுவி, இருபது நிமிடமாவது வேகவைத்து, முதல்முறை ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். சமைப்பதற்கு முன்பே அடிவேரோடு ஒரு முழுக் காளானைத் தாளில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் மருத்துவரிடம் காட்ட அது வேண்டும். இரண்டு நாள் கழித்து எறிந்தால் போதும்.