செலரோன் லெப்டொப்பில் வீடியோ ஓட வைக்க ஹட்டனுக்கு இரண்டு தடவை அலைந்தேன்

தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள். கணித பாடம் முழுக்க யூடியூபில்தான். அவளுக்காக வாங்கிய சின்ன லெப்டொப்பில் சேரின் குரல் ஓடும், படம் மட்டும் நின்று நின்று குதிக்கும். இன்டெல் செலரோன் என்4020, 4 ஜிபி ரேம்.

தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் "மலையில சிக்னல் அப்படித்தான்" என்றார்கள். நானும் நம்பி இரண்டு மாதம் பெரிய டேட்டா பெக்கேஜாகப் போட்டேன். அந்தக் காசு வீண். வீடியோவுக்குக் கீழே சாம்பல் கோடு நன்றாக முன்னால் ஓடியிருந்தும் படம் சிக்கினால் குற்றம் நெட்டில் இல்லை. இது பிந்தித்தான் புரிந்தது. பிறகு ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக ஹட்டன் டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபோர்மட் பண்ணினா சரியாகிடும்" என்று 3,500 ரூபாய் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்பைவிட மோசம். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியவில்லை. மறுபடி போனேன். "சின்ன மெஷின், இவ்வளவுதான் இழுக்கும், ரேம் போடுங்க" என்றார்கள். அந்த மொடலில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறது, மாற்ற வழியே இல்லை. அதைக்கூடப் பார்க்காமல் சொன்னதுதான் இன்னும் எரிகிறது.

அன்றிரவு நானே உட்கார்ந்தேன். டிவைஸ் மனேஜரில் டிஸ்பிளே அடெப்டர் என்ற இடத்தில் 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடெப்டர்' என்று இருந்தது. ஃபோர்மட் பண்ணியவர்கள் கிராஃபிக்ஸ் டிரைவரை, அதாவது படம் காட்டும் பகுதியை இயக்கும் மென்பொருளை, போடவே இல்லை! உங்களுக்கும் யாராவது ஃபோர்மட் பண்ணித் தந்தால், காசு கொடுக்குமுன் கடையிலேயே இந்த ஒரு வரியைப் பாருங்கள். லெப்டொப்பின் அடியில் இருக்கும் மொடல் நம்பரைப் பார்த்து, கம்பனியின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டேன். 'யூஎச்டி கிராஃபிக்ஸ் 600' என்று வந்தது, வெளிச்சமும் சரியானது.

அப்புறமும் சில வீடியோக்கள் சிக்கின. வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்' திறந்தேன். சிக்கியவற்றில் எல்லாம் கோடெக் (வீடியோவைச் சுருக்கிவைக்கும் முறை) வரியில் ஏவி01, அதாவது ஏவி1. ஓடியவற்றில் விபி09 (விபி9) அல்லது ஏவிசி1. இந்தச் சிப்பின் கிராஃபிக்ஸுக்கு ஏவி1 தெரியாது. இன்டெல் அந்த வசதியைக் கொடுத்ததே 2020இல் வந்த 11ஆம் தலைமுறையில்தான். அதனால் முழுப் பாரமும் இரண்டே கோர் உள்ள சிபியூவின் தலையில் விழுந்து, டாஸ்க் மனேஜரில் 100 வீதம் காட்டியது.

ஃபயர்ஃபொக்ஸ் பிரவுசரில் முகவரி அடிக்கும் இடத்தில் 'அபவுட்:கொன்ஃபிக்' (about:config) என்று போட்டு, 'மீடியா.ஏவி1.எனேபிள்ட்' (media.av1.enabled) என்பதைத் தேடி ஃபோல்ஸ் (false) ஆக்கினேன். யூடியூப் தானாக விபி9க்கு இறங்கியது. சிபியூ கோடு சரிந்து, ஜிபியூ (கிராஃபிக்ஸ்) பக்கத்தில் 'வீடியோ டிகோட்' கோடு எழும்பியதைப் பார்த்தபோது தங்கச்சியைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினேன்.

ஒன்று மட்டும் கவனம்: அதே தரத்துக்கு விபி9 கொஞ்சம் கூடுதல் டேட்டா தின்னும். கரும்பலகைப் பாடத்துக்கு 480பி தரம் போதும், எழுத்து தெளிவாகவே தெரிகிறது.

மறுநாள் மேல் லயத்துப் பிள்ளை ஒன்று அதே மாதிரி லெப்டொப்பைக் கொண்டுவந்தது. டிரைவர் இருந்தது, ஏவி1தான் பிரச்சினை. தங்கச்சியே பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தாள்.