குடும்ப குரூப்பை விட்டுப் போன தம்பி

என் சித்தப்பா மகன் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ரூமில் தனியாகக் கிடந்தவனை யாரோ ஒரு பக்தி வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். காலையில் சாமி படம், பிறந்தநாள் வாழ்த்து, யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் ஓடுவது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

அப்புறம் டெலிகிராமில் இன்னொரு குரூப், நம்பிக்கையான ஆட்களுக்கு மட்டும். அங்கே அட்மின் பேசுவார், மற்றவர்கள் கேட்க வேண்டும். செய்தி சேனல்கள் விலைபோய்விட்டன, சொந்தக்காரர்களுக்குச் சொரணை இல்லை என்று நாள் முழுக்க வாய்ஸ் நோட். ஒருவர் ஏதோ எதிர்த்துக் கேட்டாராம். அவரை நீக்கி, துரோகி என்று போட்டோவோடு போட்டார்கள். அதைப் பார்த்த பிறகு யார் வாய் திறப்பார்கள்? கொஞ்ச நாளில் தம்பி எங்கள் குடும்ப குரூப்பிலிருந்து வெளியேறினான். முதலில் ஆளைப் பிரிக்கிறார்கள். வெறுப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எந்த மதத்தின் பேரிலும் இது நடக்கும். இலங்கையைப் பாருங்கள். முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் ஃபேஸ்புக்கில் சுற்றியது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020-ல் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. 2019 ஈஸ்டர் அன்று 250 பேருக்கு மேல் பலிவாங்கிய குண்டுவெடிப்பை நடத்திய சஹ்ரான் ஹாஷிம் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் ஆள் சேர்க்கப் பேசியது நம் தமிழில். தீவிரவாதக் குரூப்புகளில் சேர்ந்தவர்களில் 64 சதவீதம் பேர் தங்கள் தளமே பரிந்துரைத்ததால் சேர்ந்தவர்கள் என்று ஃபேஸ்புக்கின் உள் ஆய்வே 2016-ல் சொன்னது.

எங்கள் வீட்டில் அது மாங்காய் சீசனில் வெடித்தது. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் தோப்பு. பெங்களூரா காய் முழுக்க, தாத்தா காலத்திலிருந்து, கிருஷ்ணகிரியில் ஒரு பாய் மண்டிக்குத்தான் போகும். பூ எடுக்கும்போதே அட்வான்ஸ் கொடுப்பார். சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவரும் அவர்தான். "இனிமே அவங்களுக்குக் காய் போடக்கூடாதுண்ணா" என்று தம்பி குரூப்பில் வந்த பட்டியலைக் காட்டினான். சித்தப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

நான் சண்டை போடவில்லை. அந்த அட்மின் யார் என்று மட்டும் கேட்டேன்.

"தெரியாதுண்ணா."

எந்த ஊர்? தெரியாது. நேரில் பார்த்திருக்கிறாயா? இல்லை.

பாயை அவனுக்கு டவுசர் போட்ட காலத்திலிருந்து தெரியும். அதைத்தான் சொன்னேன். பதில் வரவில்லை. அடுத்த லோடு நான் ஏற்றிப் போகிறேன், கூட வா என்று கூப்பிட்டிருக்கிறேன். லீவு கிடைத்தால் பார்க்கிறேன் என்றிருக்கிறான்.